ஆராய்ச்சி உதவித்தொகையும் எல்லைப்புறத் தமிழ் மாணவரும்

வாளையாற்றைக் கடந்து மேற்கே சென்றால் பாலக்காட்டுச் சமவெளி விரிகிறது. போடிமெட்டு மலைப்பாதையில் ஏறினால் இடுக்கியின் ஏலக்காடுகள் எதிர்ப்படுகின்றன. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாகச் சென்றால் மறையூரும் மூணாறும், கம்பத்திலிருந்து ஏறினால் குமுளியும் வருகின்றன. இவ்வழிகளிலெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வந்தும் போயும் வாழ்ந்துவருகின்றன. தேயிலைத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் வாழ்வோர் பலர், உழைப்பைத் தேடி மலை ஏறியவரின் வழித்தோன்றல்கள். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்து உழவர் பலரோ எங்கிருந்தும் வந்தவரல்லர். அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் பிறந்தபோது இவ்விரு சாராரும் அம்மாநிலத்தின் தமிழ்ச் சிறுபான்மையினராயினர்.

இக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று முதுகலை வரை வந்துவிட்டார்கள். அதற்கு மேலும் படிக்க விரும்பும்போது வீட்டில் எழும் முதற்கேள்வி, "செலவுக்கு என் செய்வது?" என்பதாகும். ஆராய்ச்சிக்கு அரசு பணம் தருகிறது என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பார்கள். ஆயினும், அப்பணம் வந்தால் இதுவரை வந்துகொண்டிருந்த உதவி நின்றுவிடுமோ, தங்கையின் உதவித்தொகைக்குக் கேடு வருமோ, வங்கிக் கடன் என்னவாகும் என்ற ஐயங்கள் தொடர்ந்து எழுகின்றன. விடை தெரியாமையாலேயே வந்த வாய்ப்பை விட்டுவிடும் குடும்பங்களும் உண்டு. ஆகவே, ஆராய்ச்சி உதவித்தொகை எவ்வாறு இயங்குகிறது, பிற உதவிகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஈண்டு காண்போம்.

நம் முன்னோர் இதனை 'உபகாரச் சம்பளம்' என்றனர். அழகிய சொல்தான்; ஆனால் அதில் உபகாரமும் உண்டு, சம்பளமும் உண்டு. உபகாரம் என்றால் தேவையுள்ளவருக்குத் தருவது. சம்பளம் என்றால் செய்யும் பணிக்குத் தருவது. ஆராய்ச்சி உதவித்தொகை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. பெரும்பாலும் அது வறுமையைப் பார்த்துத் தரப்படுவதன்று. தகுதியைப் பார்த்துத் தரப்படுவது. முழுநேரமும் ஆராய்ச்சியில் ஈடுபடவேண்டும் என்பதே அதற்குக் கைம்மாறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பின்வரும் விதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

நம்மவர் அனைவரும் அறிந்த ஒரு வரலாறே இதற்குத் தக்க சான்று. கணித மேதை இராமாநுசன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தார். கணிதத்தில் மட்டுமே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் அத்தொகையை இழந்தார், படிப்பும் முறிந்தது. பின்னர் 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும் என்பது அதன் நிபந்தனை. அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்து சென்றபோது அதே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. அதில் 50 பவுன் தாயகத்திலிருந்த குடும்பத்தின் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி மேலும் 60 பவுன் தந்தது.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் பொதிந்துள்ளன. உதவித்தொகைக்கு நிபந்தனை உண்டு. அதை மீறினால் தொகை நின்றுவிடும். உதவித்தொகை ஆய்வாளர் ஒருவருக்கு மட்டுமன்று, வீட்டில் உள்ளோருக்கும் அடுப்பெரியச் செய்வது. இரண்டு உதவிகளைச் சேர்த்துப் பெறுவது கொடுப்பவர் இருவரும் அறிந்து இசைந்தால் மட்டுமே முறையாகும். அதே 1913ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கரும் பரோடா சமஸ்தானத்தின் உதவியுடன் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். படித்து முடித்தபின் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் பணியாற்றவேண்டும் என்று அவர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். உதவிக்காலம் முடிந்ததும், இலண்டனில் மேற்கொண்ட படிப்பை இடையிலேயே நிறுத்தி 1917இல் திரும்ப நேர்ந்தது. எத்துணைப் பெரிய அறிஞர்க்கும் உதவித்தொகையின் காலவரம்பு விலக்களிக்கவில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். மூணாற்றுத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் பிறந்து, தமிழ் முதுகலை முடித்த மாணவி ஒருத்தியை நாம் மனத்தில் உருவகித்துக்கொள்வோம். தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை தொழிற்சாலையில் வேலை செய்பவர். தங்கை கல்லூரியில் படிப்பவள்.

அம்மாணவி முதலிற் கடக்கவேண்டிய வாயில், பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு. மக்கள் 'நெட்' என்று வழங்குவது இதனையே. ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் இத்தேர்வில் இரண்டு தாள்கள் உண்டு. முதல் தாளில் 50 வினாக்கள், 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் 100 வினாக்கள், 200 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. தமிழைப் பாடமாகக் கொண்டவர்க்கு இரண்டாம் தாள் தமிழிலேயே இருக்கும். ஆனால் எல்லார்க்கும் பொதுவான முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைவது. தமிழ் வழியிற் பயின்ற மலைநாட்டுப் பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே. ஆகவே முதுகலையில் சேர்ந்த நாள் தொட்டே முதல் தாளுக்கு ஆயத்தம் செய்வது நன்று.

இத்தேர்வின் முடிவு மூவகைப்படும். முன்னணியில் வருவோர் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்கும் தகுதி பெறுவர். அடுத்த நிலையினர் உதவிப் பேராசிரியர் தகுதியும், முனைவர் பட்டச் சேர்க்கைக்கான தகுதியும் பெறுவர். மூன்றாம் நிலையினர்க்குச் சேர்க்கைத் தகுதி மட்டும் உண்டு. இம்மூவகைப் பகுப்பு 2024ஆம் ஆண்டு ஜூன் தேர்விலிருந்து நடைமுறைக்கு வந்தது. உதவித்தொகை முதல் வகையினர்க்கே உரியது என்பதை நன்கு நினைவிற் கொள்ளவேண்டும். 'நெட் தேறிவிட்டேன்' என்பதும் 'உதவித்தொகை கிடைத்துவிட்டது' என்பதும் ஒன்றல்ல. உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர்க்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு.

தொகை எவ்வளவு? 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாய். பின்னர் மதிப்பீட்டில் தேறினால் முதுநிலை உதவித்தொகையாக மாதம் 42,000 ரூபாய். மொத்தக் காலம் ஐந்தாண்டுக்கு மிகாது. கணக்கிட்டுப் பார்த்தால், முதல் 24 மாதங்களுக்கு 8,88,000 ரூபாய். அடுத்த 36 மாதங்களுக்கு 15,12,000 ரூபாய். ஆகக்கூடி 24 இலட்சம் ரூபாய். இதனோடு நூல், பயணம், தட்டச்சு முதலியவற்றுக்கென ஆண்டுதோறும் தனியே ஒரு சிறுதொகையும், விடுதியில் இடம் தரப்படாதவர்க்கு வீட்டு வாடகைப்படியும் உண்டு. லயத்து வீட்டில் எவரும் ஒருசேரக் கண்டிராத பெருந்தொகை இது. ஆயினும் இது மாதந்தோறும் வருவது. அதுவும், ஆய்வாளர் பணியில் இருந்தார் என்று பல்கலைக்கழகம் மாதந்தோறும் உறுதி கூறினால் மட்டுமே வங்கிக் கணக்கில் வந்து சேர்வது.

இனி, இத்தொகை வந்தால் பிற உதவிகள் யாவும் என்னவாகும் என்பதே நம் தலையாய கேள்வி.

முதலாவது, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகை. பட்டியல் சாதி மாணவர்க்காக 1944ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பழைய திட்டம் இது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மிகாதோர்க்கு இது கட்டணத்தையும் பராமரிப்புத் தொகையையும் அளிக்கிறது. கேரளத்தில் 'இ-கிராண்ட்ஸ்' என்னும் இணைய வாயில் மூலம் வழங்கப்படுவது இதுவே. இதனைப் பெறுபவர் வேறு எந்த உதவித்தொகையையும் உடன் பெறலாகாது என்பது இத்திட்டத்தின் நெடுநாளைய விதி. ஆராய்ச்சி உதவித்தொகையின் விதியும் அவ்வாறே கூறுகிறது. ஆகவே நம் மாணவி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை எழுத்து மூலம் விடுதல் வேண்டும். இரண்டையும் பெற்றால், பின்னொரு நாள் கணக்கு ஒத்துப் பார்க்கும்போது வாங்கியதைத் திருப்பிக் கட்ட நேரும். அப்போது பணம் செலவாகியிருக்கும். பட்டம் நெருங்கிய வேளையில் கடனாளியாக நிற்க நேரிடும்.

இங்கு ஒரு நுட்பமும் உண்டு. பழைய திட்டம் கட்டணத்தையும் சேர்த்துத் தாங்கி நின்றது. புதிய தொகை வரும்போது கட்டணமும் உணவு விடுதிச் செலவும் ஆய்வாளரின் கையிலிருந்தே போகும். ஆகவே, 37,000 ரூபாயும் வீட்டுக்கு அனுப்பத்தக்கது என்று எண்ணுவது பிழை. பெற்றோர் இதனை அறிந்திருந்தால், "இவ்வளவு சம்பளம் வாங்கியும் அனுப்பவில்லையே" என்னும் மனத்தாங்கல் நேராது.

இரண்டாவது, தங்கையின் உதவித்தொகை. இதுபற்றிய அச்சம் தேவையற்றது. பெற்றோருள் ஒருவரேனும் உயிரோடிருக்கும்வரை அவர்தம் வருமானத்தை மட்டுமே கணக்கிற் கொள்ளவேண்டும். வீட்டில் வேறு எவர் ஈட்டினாலும் அதைச் சேர்த்தல் கூடாது என்பது மேற்கூறிய திட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் விதி. ஆகவே அக்காளின் ஆராய்ச்சித் தொகை தங்கையின் உரிமையைக் குலைக்காது. எனினும், வருமானச் சான்று பெறும்போது குடும்ப வருமானம் என்ற பெயரில் அத்தொகையையும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது, கல்விக் கடன். இந்திய வங்கிகளின் முன்மாதிரித் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கடனைத் திருப்பத் தொடங்கவேண்டியதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. அது நாள்தோறும் ஏறிக்கொண்டேயிருக்கும். முதுகலைக்குக் கடன் வாங்கியவர் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால், சேர்க்கைச் சான்றுடன் வங்கிக்கு எழுதி, தவணைக் காலத்தை நீட்டித் தருமாறு வேண்டலாம். முடிவு வங்கியினுடையது. உதவித்தொகையிலிருந்து மாதந்தோறும் வட்டியை மட்டுமேனும் கட்டிவந்தால் சுமை பெருகாது. படிப்புக் காலத்திலேயே வட்டி கட்டுவோர்க்கு ஒரு விழுக்காட்டுச் சலுகையும் அத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு மாணவர் தம் பங்காகக் காட்டவேண்டிய தொகையில் உதவித்தொகையைச் சேர்த்துக் கணக்கிடவும் இடமுண்டு. கையில் முன்பணம் இல்லாத குடும்பத்துக்கு இது பெருந்துணையாகும்.

நான்காவது, வருமான வரி. கல்விச் செலவுக்கென வழங்கப்படும் உதவித்தொகைக்கு 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டமே விலக்களித்தது. ஆகவே ஆராய்ச்சி உதவித்தொகையைச் சம்பளமாகக் கருதி அஞ்சவேண்டுவதில்லை.

ஐந்தாவது, வேலை. உதவித்தொகை பெறுங்காலத்தில் ஊதியம் தரும் வேறு பணியில் இருத்தல் ஆகாது. நிரந்தர வேலை கிடைத்தால் உதவித்தொகையை விட்டே செல்லவேண்டும்.

பாலக்காட்டுப் பகுதியினர்க்குக் கண்ணெதிரே மற்றொரு வழியும் உண்டு. 2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கஞ்சிக்கோட்டில் அமைந்துள்ளது. வாளையாறு எல்லைக்கு அது மிக அணித்து. இத்தகைய கழகங்களில் 'கேட்' தேர்வில் தேறி முதுநிலைத் தொழில்நுட்பம் பயில்வோர்க்கு மாதம் 12,400 ரூபாய் கிடைக்கிறது. முனைவர் பட்ட ஆய்வாளர்க்கு முன்னர்க் கூறிய 37,000, 42,000 விகிதமே. ஆனால் இங்கு வாரந்தோறும் சில மணி நேரம் ஆய்வுக்கூடத்திலோ வகுப்பிலோ ஆசிரியர்க்குத் துணைபுரிதல் கடமை. கழகம் தன் நிதியிலிருந்து பணிக்கு ஈடாகத் தருவது ஒருவகை. தேசியத் தேர்வில் வென்று ஆய்வாளர் தாமே கொண்டுவருவது மற்றொரு வகை. பின்னதைக் கொண்டுவருபவர், கழகத்தின் நிதியை வேறொரு மாணவர்க்கு விட்டுக்கொடுத்தவராகிறார். ஒருவர் பெற்ற தகுதி முகமறியாத மற்றொருவர்க்கும் வழிதிறக்கும் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

அயல்நாட்டிலும் இம்முறையே சிற்சில மாற்றங்களுடன் உள்ளது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம் 1952 முதல் பட்டமேற்படிப்பினர்க்கு உதவித்தொகை வழங்கிவருகிறது. ஆனால் அந்நாட்டில் வாழ்க்கைச் செலவுக்கென வரும் பகுதிக்கு வரி உண்டு. கட்டணத்துக்குச் செல்லும் பகுதிக்கு இல்லை. மேலும், படிப்புக்கு ஆகும் மொத்தச் செலவு இவ்வளவென்று கல்லூரி வரையறுத்து, எல்லா உதவிகளும் கூடி அதனை மிஞ்சாதவாறு பார்த்துக்கொள்கிறது. புதிய உதவித்தொகை வந்தால் அரசுக் கடன் குறைக்கப்படும். ஒரு கையால் தந்து மறுகையால் எடுப்பது போலத் தோன்றினும், குறைவது கடனாதலால் மாணவர்க்கு அது நன்மையே.

இனி எல்லைப்புறத்தார்க்கும், பிற மாநிலங்களில் வாழும் தமிழர் அனைவர்க்கும் பொதுவான ஒரு சிக்கலைக் கூறவேண்டும். எந்த மாநிலத்திடம் உதவி கேட்பது? பட்டியல் சாதியினரின் பட்டியல் மாநிலந்தோறும் வேறு. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தவர், புதிய மாநிலத்தின் பட்டியல் சாதிச் சலுகைகளைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. குடும்பம் எம்மாநிலத்தது என்பதற்கு 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை வெளிவந்த காலத்து வாழிடமே அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே பாட்டனார் 1950க்கு முன்னரே மலைக்கு வந்தவர் என்று காட்டக்கூடிய குடும்பத்துக்கும், பின்னர் வந்த குடும்பத்துக்கும் நிலைமை வேறாகிறது. தோட்டத்துப் பழைய பதிவேடு, பள்ளிச் சேர்க்கைக் குறிப்பு போன்ற பழந்தாள்களுக்கு இதனால்தான் இத்துணை மதிப்பு. லயத்துப் பெட்டியில் கறையான் அரிக்கக் கிடக்கும் தாள் ஒன்று, பேத்தியின் கல்விக்குத் திறவுகோலாகலாம்.

பின்னர் வந்தோர்க்கு வழியே இல்லையோ எனின், உண்டு. ஒரு மாநிலத்தவர் வேறு மாநிலத்திற் படித்தால், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகையை அவர் எம்மாநிலத்தவரோ அம்மாநிலமே வழங்கவேண்டும் என்பது விதி. ஆகவே குடும்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்பட்டால் அங்கு விண்ணப்பிக்கலாம். தந்தையின் பூர்விக மாநிலச் சான்றை அடிப்படையாகக் கொண்டு, குடியேறிய இடத்து அதிகாரியும் சான்று தரலாம். மத்திய அரசின் உதவிகளுக்கு அது பயன்படும். பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகைக்கோ மாநில எல்லையே இல்லை. பொதுப்பிரிவில் வெல்பவர் சாதிச் சான்றின்றியே அதனைப் பெறலாம். இரு மாநிலங்களின் நடுவே எவரிடம் போவதென்று திகைத்து நிற்கும் பிள்ளைக்கு, நாடு முழுமைக்கும் பொதுவான இத்தேர்வு உறுதியான படிக்கல் என்பது நம் கருத்து.

மொழியும் ஒரு தடையாக வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று உரிமை அளித்துள்ளது. மலையாளம் எழுதத் தெரியவில்லையே என்று பெற்றோர் தயங்கவேண்டா. தமிழில் எழுதிய விண்ணப்பத்துக்கும் அலுவலகம் விடை கூறக் கடமைப்பட்டது.

முடிவாகச் சில எச்சரிக்கைகள். உதவித்தொகை உறுதியானதும் அடுத்த மாதமே பணம் வந்துவிடும் என்று நம்பிக் கணக்கிடலாகாது. சேர்க்கை முடிந்து, தாள்கள் சரிபார்க்கப்பட்டு, முதல் தொகை வருவதற்குப் பல மாதங்கள் ஆவதுண்டு. மனமொடிந்து ஊர் திரும்பும் மாணவர் பெரும்பாலும் இவ்விடைவெளியில்தான் திரும்புகின்றனர். ஆதலால் அச்சில மாதங்களுக்கான செலவை முன்னரே தேடிவைத்தல் வேண்டும். சேர்ந்த நாளைக் குறிக்கும் சான்றைப் பத்திரப்படுத்தவேண்டும். நிலுவை அந்நாளிலிருந்தே கணக்கிடப்படும். திட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளவேண்டும். சிறுபான்மைச் சமயத்தவர்க்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்படுவதாக 2022ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்தது. பழைய அறிவிப்பை நம்பிக் காத்திருந்தால் காலம் வீணாகும்.

கும்பகோணத்தில் உபகாரச் சம்பளத்தை இழந்தபோது அந்த இளைஞருக்கு வழிகாட்ட எவருமில்லை. எட்டாண்டுகள் கழித்து மாதம் 75 ரூபாய் வந்தபோதுதான் எழுத்தர் வேலையை விட்டு ஆராய்ச்சிக்கு முழுநேரமும் அளிக்க முடிந்தது. நம் எல்லைப்புறத்து மலைகளிலும் கழனிகளிலும் அத்தகைய ஆற்றல் எங்கெங்கு மறைந்து கிடக்கிறதோ, நாம் அறியோம். விதிகளை அறிந்தோர் அறியாதார்க்கு எடுத்துரைப்பதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பத்தை ஒருமுறை படித்துத் திருத்தித் தருவதும் பணச்செலவற்ற அறமாகும். தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் அவ்வறத்தைத் தத்தம் ஊரில் மேற்கொள்வார்களாக.